மேற்படி நபர் இவ்விலாசத்தில் இல்லை

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். ('கொஞ்சம்' என்பதைப் படித்தால் என் கணவர் சிரிப்பார்.) எந்த ஊரில் கொண்டுபோய் விட்டாலும் பத்தே நாளில் அந்த ஊர்க்காரியாகிவிடுவேன் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த நம்பிக்கையால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் சங்கரா மீன் பையோடு, இந்தியாவில் ஆயுளுக்கும் தங்கும் உரிமையைக் கிட்டத்தட்ட நானே தொலைக்கப் பார்த்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். கொள்ளுத்தாத்தா திருச்சி ஜில்லாவிலிருந்து கப்பலேறிப் போனவர். போகும்போது தோளில் ஒரு துண்டு மட்டும்தான் எடுத்துப்போனாராம். பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று ஒரு காகிதமும் இல்லை. (பின்னாளில் ஒரு கொள்ளுப்பேத்தி திரும்பி வந்து அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டியிருக்கும் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?) ஆகவே பூர்வீகத்தைக் காட்டி நான் எதையும் கேட்க முடியாது. எனக்கு இருந்த ஒரே வழி, இந்தியக் குடிமகன் ஒருவரின் மனைவி என்பதுதான்.

அந்தக் குடிமகன் சரவணன். பினாங்கில் மூன்று வருஷம் வேலை பார்த்தபோது என்னிடம் மாட்டிக்கொண்டவர். செங்கல்பட்டில் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு, புதுப்பட்டினத்தில் வீடு பிடித்துக் குடியேறினோம். அவருக்கு ஐடி கம்பெனியில் வேலை. எனக்கு வேலை இல்லை. என்னுடைய விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள், இங்கே கொத்தமல்லி கிள்ளிக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் முடிந்தால்தான் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் விசாவைப் பற்றிக் கவலைப்படாமல் இங்கேயே இருக்கலாம், வேலைக்கும் போகலாம். பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், "அட்டையோட வாங்க டீச்சர், ஜூன்ல சேர்ந்துக்கலாம்" என்று எனக்காக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

இதெல்லாம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டது நான்தான்.

செங்கல்பட்டில் மாமியார் வீட்டில் இருந்த முதல் மாதத்திலேயே மலேசியாக்காரியாக வாழ்ந்து எனக்கு அலுத்துவிட்டது. "அங்க பாம்பு சாப்பிடுவாங்களாமே?" "தைலம் கொண்டு வந்தியா?" "நீங்களும் தமிழ்தான் பேசுவீங்களா?" (தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்கி, அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி.) அதனால் புதுப்பட்டினம் வந்ததும், எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்கா "உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டபோது சட்டென்று "லால்குடிக்கா" என்று சொல்லிவிட்டேன். திருச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரே ஊர்ப்பெயர் அதுதான்.

கஸ்தூரி அக்கா வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர். அவர் கண்ணில் படாமல் எங்கள் தெருவுக்குள் பூனை கூட வர முடியாது. அவரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. நான் "பசியாறியாச்சா?" என்று கேட்டால், "லால்குடி பக்கம் நாஸ்தாவ அப்டித்தான் சொல்வாங்க" என்று அவரே மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். காப்பியை நான் 'கோப்பி' என்றாலும் லால்குடி. சாலையைச் 'சடக்கு' என்றாலும் லால்குடி. அந்த ஊர் மக்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பொய் அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அக்கா தன் தங்கை மகளுக்கு லால்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாகச் சொன்னார். "உன் ஊரு ஆளுங்கதான. கொஞ்சம் விசாரிச்சு சொல்லேன் தேவி."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மூன்றாம் நாள் போய், "நல்ல குடும்பம்க்கா. நம்பிக் குடுக்கலாம்" என்றேன். (இந்த இடத்தில் என்னைத் திட்ட விரும்புபவர்கள் திட்டிக்கொள்ளலாம்.) கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் என் விண்ணப்பம் போலீஸ் விசாரணைக்கு வந்தது. விசா முடிய இருபத்தைந்து நாள்தான் பாக்கி. அதற்குள் அறிக்கை போகாவிட்டால் என்ன ஆகும் என்று சென்னை அலுவலகத்தில் கேட்டதற்கு, அங்கிருந்த பெண்மணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்கு ஈப்போ டிக்கெட் என்று அர்த்தம்.

சரவணன் தினமும் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இதையே சொல்வார். "தேவி, அக்கம்பக்கத்துலயும் கேப்பாங்க. தெருவுல ஒரு வார்த்தை சொல்லி வை."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க பஸ்ஸைப் பிடிங்க."

என் திட்டம் கச்சிதமானது. காக்கி உடுப்பில் ஒருவர் வருவார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கோப்பி கொடுத்து, கலர் கலராகச் சீட்டு ஒட்டிய ஃபைலைக் காட்டி, தெரு விழித்துக்கொள்வதற்குள் அனுப்பிவிடுவேன். அதற்காக நான்கு நாள் வீட்டை விட்டு நகரவில்லை. ஐந்தாம் நாள், பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் மீன் படகு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. போய்விட்டு வர அரைமணி நேரம்தானே?

அந்த அரைமணியில் நடந்ததை அக்கா பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் பைக்கில் வந்து நின்றிருக்கிறார். பெயர் ஏழுமலை, காவலர். என் விண்ணப்பத்தில் இருந்தது புதிய கதவு எண் 27. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய எண் 9.

"இருபத்தேழா? இந்தத் தெருவுல மொத்தமே இருபது வூடுதான் கீது" என்றாராம் அக்கா.

ஏழுமலை பெயரைப் படித்திருக்கிறார். என் பாஸ்போர்ட் பெயர் தர்மவதி. மலேசிய வழக்கப்படி, இன்னார் மகள் என்பதற்கு 'ஏ/பி' என்று போட்டு அப்பா பெயர் வரும். அவர் அதைத் "தர்மவதி ஏ.பி. லெட்சுமணன்" என்று ஒரே மூச்சில் வாசிக்க, அக்காவுக்கு அது ஏதோ ஆபீசர் பெயர் மாதிரி கேட்டிருக்கிறது. நான் தெருவுக்கு வெறும் தேவி. அடுத்துப் புகைப்படம். பொட்டில்லை, பூவில்லை, தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, ஸ்டூடியோக்காரர் முகத்தைத் துவைத்து வெளுக்க வைத்த படம். அக்கா கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நான் மீன் பையோடு வந்து சேர்ந்தேன். தலையில் வெயிலுக்கு முந்தானை, நெற்றியில் பெரிய பொட்டு, எண்ணெய் வழியும் முகம்.

"தோ, இவளையும் கேட்டுக்கோ சார். எதிர்வூடு. லால்குடிப் பொண்ணு, நல்லா படிச்சவ" என்றார் அக்கா.

படிச்சவ என்றதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"ஏம்மா, இந்தத் தெருவுல ஃபாரினர் யாராவது இருக்காங்களா?" என்றார் கட்டம் போட்ட சட்டை.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

"ஃபாரினரா? அவங்கல்லாம் மாமல்லபுரத்துலதான் சார் இருப்பாங்க. கடல்ல பலகை மேல ஏறி நிப்பாங்களே, பார்த்ததில்லையா? இது குடும்பம் நடத்துற தெரு சார்."

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் எதிர்பார்த்தது காக்கி. இவரை ஏதோ கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்தேன். அதைவிட முக்கியமான காரணம், ஃபாரினர் என்ற சொல்லைக் கேட்டு எனக்கு என் ஞாபகம் வரவில்லை. இரண்டு வருஷம் லால்குடிக்காரியாக வாழ்ந்ததில் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

"சரிம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்னொரு சாட்சி வேணும்" என்று காகிதம் செருகிய எழுதும் அட்டையை நீட்டினார். மேல்பாதி கிளிப்புக்குள் மடிந்திருந்தது. கீழே, 'நேரில் சென்று விசாரிததில், மேற்படி நபர் இவ்விலாசத்தில் வசிக்கவில்லை எனத் தெரிய வருகிறது' என்று இருந்தது. மேற்படி நபர் யார் என்று மடிப்பைப் பிரித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு.

"சார், 'விசாரித்ததில்'ல ஒரு 'த்' விட்டுப்போச்சு."

"அட, ஆமாம்மா" என்று திருத்திக்கொண்டார். நான் கஸ்தூரி அக்காவின் கையெழுத்துக்குக் கீழே, கரும்பலகையில் எழுதுவது போல் அழகாக 'தேவி சரவணன்' என்று போட்டேன். பைக் கிளம்பிப் போனது.

அக்கா மெஷினில் நூல் கோத்துக்கொண்டே, "பாவம், எவளோ தர்மவதியாம். ஏ.பி. லெட்சுமணனாம். இன்னா கேஸோ" என்றார்.

"அலாமாக்!" என்று அலறினேன். ஐயையோ என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

"இன்னா பாஷை அது?" என்று அக்கா கேட்டபோது நான் தெருமுனையில் ஆட்டோவுக்குள் இருந்தேன்.

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்து, "உக்காருங்கம்மா. யாரையாவது காணோமா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

"யாரை?"

"என்னைத்தான் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கொள்ளுத்தாத்தாவில் ஆரம்பித்ததால் கொஞ்சம் நேரமானது. முடிவதற்குள் ஏழுமலை உள்ளே வந்தார். "மேடம், அந்த ஃபாரின் கேஸ் முடிஞ்சுது. அந்த அட்ரஸ்ல ஆளே இல்ல" என்றவர், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "தோ, இவங்கதான் மேடம் சாட்சி!"

எஸ்.ஐ. காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "இதுல நீங்க இங்க இல்லைன்னு எழுதியிருக்கு. கீழ நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப எதிர்ல உக்காந்து இருக்கேன்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது?"

"தப்பு திருத்திக்கூட குடுத்தாங்க மேடம்" என்றார் ஏழுமலை, உதவுவதாக நினைத்துக்கொண்டு.

"மலேசியாக்காரங்கன்னா மலாய் தெரியணுமே?" என்றார் எஸ்.ஐ.

வாயில் வந்ததைச் சொன்னேன். "சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா…" ஒன்று முதல் இருபது வரை, காவல் நிலையத்தில், எழுந்து கைகட்டி நின்று ஒப்பித்தேன். மூலையில் இருந்த ஒரு ஏட்டு, "தெலுங்கு மாதிரி கீதே" என்றார். மீன் பையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எஸ்.ஐ. முகத்தை ஒரு ஃபைலால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஃபைலை இறக்கியபோது முகம் பழையபடி விறைப்பாக இருந்தது. "மத்தியானம் நானே வர்றேன். பாஸ்போர்ட், கல்யாணச் சர்டிபிகேட், உங்க வீட்டுக்காரர், எல்லாம் இருக்கணும். அந்தம்மாவும் வாக்குமூலத்தை மாத்திக் குடுக்கணும். அவங்க மாத்தலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

என் விசா இப்போது கஸ்தூரி அக்காவின் கையில்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. சரவணன் அரைநாள் லீவு போட்டு ஓடிவந்திருந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நான் அக்காவிடம் சிவப்புப் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"அக்கா, நான்தான் அந்தத் தர்மவதி. நான் லால்குடி இல்ல. மலேசியா."

"சும்மா வெளாடாத."

"நிஜம்க்கா."

அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடிபட்ட மாதிரி இருந்தது அந்த முகம். "வூட்டு சாவியே உன்கிட்டதான குடுத்துட்டுப் போவேன்" என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம்தான் அடுத்தது நினைவுக்கு வந்தது.

"அப்போ அந்த மாப்ள வூட்ட யாரு விசாரிச்சது?"

"எந்த மாப்பிள்ளை?" என்றார் சரவணன். அந்த விஷயம் அவருக்கும் தெரியாது.

எஸ்.ஐ. தொண்டையைச் செருமினார். "அம்மா, அதை அப்புறம் பேசிக்கங்க. இவங்க இங்க குடியிருக்காங்களா? புருஷனோடதான் வாழறாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் என்னை விமானம் ஏற்றியிருக்கலாம்.

"ரெண்டு வருசமா கீறா. வூடு தோ, அதான். கை சுத்தளவு, கழுத்து எறக்கம் எல்லாம் என் நோட்டுல கீது. ஊரத்தான் தப்பா எழுதிக்கினேன்" என்றார் அக்கா. "புருசனோடதான் வாழறா. வெளக்குமாத்த எங்க வெச்சன்னு ஒரு நாளு, ஃபேனு யாரு நிறுத்துனதுன்னு ஒரு நாளு, தெனம் காலைல சண்ட. கட்டாதவன்கிட்ட எவளாவது இப்டி சண்ட போடுவாளா? எழுதிக்கோ மேடம்."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். பழைய காகிதம் ரத்தானது. அக்கா புதியதில் கையெழுத்துப் போட்டார், உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு பதினோரு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மெஷினைத் திருப்பிப் போட்டு, எங்கள் வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தைத்தார். நான் செய்து அனுப்பிய பாயசத் தூக்கு திறக்கப்படாமல் திரும்பி வந்தது. அறிக்கை வந்து சேர்ந்தது, எல்லாம் சரி என்று சென்னையிலிருந்து செய்தி வந்தபோது, அதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு எதிர்வீடு இல்லை. அட்டைக்காக அவ்வளவு பாடுபட்டது இந்தத் தெருவில் இருப்பதற்காகத்தானே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தன்னம்பிக்கை அதிகமுள்ள நான் அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பன்னிரண்டாம் நாள், எப்போதோ தைக்கக் கொடுத்த என் ரவிக்கை வந்து சேர்ந்தது. ஆசையாகப் போட்டேன். கை தூக்க முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை. என் அளவு அத்தனையும் நோட்டில் வைத்திருப்பவர் தைத்தது அது. பழிவாங்கல் என்று புரிந்தது. அப்படியே, பொம்மை மாதிரி விறைத்த கைகளோடு, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, மூச்சு விட முடியல."

"பொய் சொல்ற வாய்க்கு மூச்சு எதுக்கு?" என்றார். பிறகு என் கைகள் நின்ற கோலத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை. "குந்து" என்று முக்காலியைக் காட்டி, பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அந்த மாப்பிள்ளை வீடு…" என்று இழுத்தேன்.

"அய்ய, உன்ன நம்பியா பொண்ணு குடுப்போம்? நாலு எடத்துல விசாரிச்சுக்கினுதான் தட்டு மாத்துனோம். நல்ல ஜனங்கதான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆமா, அது இன்னா அட்டை? ஓசிஐயா? ஓசில குடுக்கறாங்களா?"

அட்டை வந்தது. ஜூனில் பள்ளியில் சேர்ந்தேன். தெருவில் எல்லோரும் தைலம் கேட்கிறார்கள், வாங்கி வந்து கொடுக்கிறேன். பாம்புக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் என் பெயர் இந்தத் தெருவில் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, விசாரணைக்கு அக்கம்பக்கத்துச் சாட்சி தேடினால், கஸ்தூரி அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, நான் நின்றுகொண்டிருந்தால் என் முகத்துக்கு நேராகவே சொல்வார்:

"எந்த வூட்டுல வேணா கையெழுத்து வாங்கிக்கோ. இவகிட்ட மட்டும் போவாத. தன்னையே இல்லன்னு எழுதிக் குடுத்தவ, உன்ன மட்டும் கீறன்னா சொல்லிடப் போறா?"